மேத்யூ லயன்: மாவு மில் முதலாளி, ஊர்ப்படைக் கர்னல், சிறையிலிருந்து ஜெயித்த எம்.பி. – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த மேத்யூ லயன்?

அயர்லாந்தில் 1749-ல் பிறந்து, கூலியாளாக அமெரிக்காவுக்கு வந்து, வெர்மான்டில் ஒரு ஊரையே உருவாக்கியவர். அங்கே மாவு மில், மரம் அறுக்கும் மில், இரும்பு உலை, காகித ஆலை என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டினார். சுதந்திரப் போரில் சண்டை போட்டவர். ஊர்ப்படையில் கர்னல் ஆனார். வெர்மான்ட் சட்டசபையிலும் பிறகு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிலும் உட்கார்ந்தார். ஜனாதிபதியைத் திட்டி எழுதியதற்காகச் சிறைக்குப் போனார். சிறையில் இருந்தபடியே மறு தேர்தலில் ஜெயித்தார். சக உறுப்பினர் ஒருவரின் முகத்தில் அவைக்குள்ளேயே துப்பிய கதையும் உண்டு. பள்ளிப் பாடங்களில் இந்தக் கடைசி விஷயம்தான் பெரும்பாலும் வருகிறது. என் கணக்கில் மாவு மில்லில் தொடங்கினால்தான் மற்றதெல்லாம் புரியும்.

இரண்டு காளைகளுக்காக விற்கப்பட்டார் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான், ஆனால் அடிமையாக அல்ல. அந்தக் காலத்தில் ஐரோப்பிய ஏழைகள் பலர் கப்பல் கட்டணம் கட்ட வழியில்லாமல் வந்தார்கள். கரை இறங்கியதும் கப்பல் தலைவன் அவர்களுடைய சில வருட உழைப்பை யாருக்காவது விற்றுத் தன் பாக்கியை எடுத்துக்கொள்வான். ஒப்பந்த காலம் முடிந்தால் ஆள் சுதந்திரம். டப்ளினில் அச்சுத் தொழில் கற்க ஆரம்பித்திருந்த லயன், 1760-களின் நடுவில் பதினைந்து வயதுவாக்கில் கனெக்டிகட்டுக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தார். முதலில் வுட்பரி ஊரில் ஜேபஸ் பேக்கன் என்ற வியாபாரியிடம் வேலை. அங்கிருந்து லிட்ச்ஃபீல்டைச் சேர்ந்த இன்னொருவருக்கு அவருடைய ஒப்பந்தம் கைமாறியது. விலை ஒரு ஜோடி காளைகள்.

வேறு யாராக இருந்தாலும் இதை மூடி மறைத்திருப்பார்கள். லயன் அதைச் சத்திய வார்த்தையாகவே ஆக்கிக்கொண்டார். "என்னை மீட்ட காளைகள்மேல் ஆணை!" என்று கூட்டங்களில் முழங்குவாராம். பணக்கார எதிரிகள் இதைச் சொல்லித்தான் அவரைக் கேலி செய்தார்கள். ஓட்டுப் போட்ட விவசாயிகளுக்கோ அதுதான் பிடித்திருந்தது.

வெர்மான்டுக்கு ஏன் போனார்?

நிலம் மலிவு. ஆனால் பத்திரம் சந்தேகத்துக்குரியது. இன்று வெர்மான்ட் எனப்படும் பகுதியை நியூ ஹாம்ப்ஷயரும் நியூயார்க்கும் தன்னுடையது என்றன. நியூ ஹாம்ப்ஷயர் ஆளுநர் விற்ற மனைகளை நியூயார்க் செல்லாது என்றது. மனை வாங்கியவர்கள் ஈத்தன் ஆலன் தலைமையில் "கிரீன் மவுண்டன் பாய்ஸ்" என்ற பெயரில் தடியும் துப்பாக்கியுமாகத் திரண்டு, நியூயார்க் அதிகாரிகளை விரட்டினார்கள். லயனின் முதல் மனைவி மேரி ஹாஸ்ஃபோர்ட், ஆலனுக்குச் சொந்தம். கல்யாணமான கொஞ்ச நாளில், 1770-களின் தொடக்கத்தில், வாலிங்ஃபோர்டு பக்கம் குடியேறிய லயனும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தார். 1775 மே 10 அன்று விடியற்காலையில் டைகாண்டரோகா கோட்டையை பிரிட்டிஷாரிடமிருந்து பறித்தபோது ஆலனோடு அவரும் இருந்தார்.

1777-ல் அந்தப் பகுதி தன்னைத் தனிக் குடியரசாக அறிவித்துக்கொண்டது. 1791 மார்ச் 4 அன்றுதான் பதினான்காவது மாநிலமாக ஒன்றியத்தில் சேர்ந்தது. லயனின் அரசியல் வாழ்க்கையில் முதல் பாதி அமெரிக்காவுக்குள்ளேயே இல்லை என்று இதனால் சொல்லலாம்!

மரவாள் விவகாரம் என்ன?

வாழ்நாள் முழுக்க அவரைத் துரத்திய விவகாரம் இது. 1776 கோடையில் ஜெரிக்கோ என்ற இடத்தில் இருந்த ஒரு சின்ன காவல் நிலையத்தில் லயன் இரண்டாம் லெப்டினன்ட். கனடாப் படையெடுப்பு தோற்று, அமெரிக்கப் படை தெற்கே பின்வாங்கிக்கொண்டிருந்தது. பிரிட்டிஷாரும் அவர்களோடு சேர்ந்த பழங்குடியினரும் எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம். அந்த நிலைமையில் ஒரு கைப்பிடி ஆட்களைக் காட்டுக்குள் நிறுத்தியதே, அங்கே நிலம் வைத்திருந்த சில பெரிய மனிதர்களின் பயிரைக் காக்கத்தான் என்று சிப்பாய்கள் நம்பினார்கள். ஒரு ராத்திரி எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அதிகாரிகளும் கூடவே போனார்கள்.

தான் தடுத்துப் பார்த்ததாகவும், யாரும் கேட்கவில்லை என்றும், நடந்ததைத் தளபதி கேட்ஸிடம் போய்ச் சொன்னதே தான்தான் என்றும் லயன் பிற்பாடு விளக்கினார். கேட்ஸ் விளக்கத்தில் மயங்குகிறவர் இல்லை. கைது, ராணுவ விசாரணை, பதவி நீக்கம். கோழை என்பதற்கு அடையாளமாக மரவாள் கட்டி ஊர்வலம் விட்டார்கள் என்பது பிற்பாடு எதிரிகள் பரப்பிய கதை. லயன் அதைக் கடைசிவரை மறுத்தார்.

அடுத்த வருடமே படையில் அவருக்கு மறுபடி இடம் கிடைத்தது. தளபதி ஸ்கைலர் அவரை சேத் வார்னரின் ரெஜிமென்டில் சம்பளப் பட்டுவாடா அதிகாரியாக நியமித்தார். கோழை என்று நம்பியிருந்தால் ஒருவரிடம் படையின் பணப்பெட்டியைக் கொடுத்திருப்பார்களா? பென்னிங்டன், சரடோகா சண்டைகளிலும் அவர் இருந்தார். இருந்தாலும் மக்கள் நினைவில் பணப்பெட்டி தங்கவில்லை, மரவாள்தான் தங்கியது.

அரசியலுக்குள் எப்படி நுழைந்தார்?

பேனா மூலமாக. வெர்மான்டின் முதல் ஆளுநர் தாமஸ் சிட்டென்டனுக்கு உதவிச் செயலாளராகவும், பிரிட்டிஷ் பக்கம் சாய்ந்தவர்களின் சொத்தைப் பறிமுதல் செய்த நீதிமன்றத்துக்கு எழுத்தராகவும் வேலை பார்த்தார். 1779-ல் சட்டசபை உறுப்பினரானார். மேரி இறந்த பிறகு ஆளுநரின் மகள் பியூலாவை மணந்தார். அவரும் கணவரை இழந்தவர். ஆக முதல் கல்யாணம் ஆலன் வீட்டுப் பக்கம், இரண்டாவது ஆளுநர் வீட்டில். காளைக்கு விலைபோன பையனுக்கு இது மோசமான கணக்கு இல்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பறிமுதல் நீதிமன்றத்தின் பதிவேடுகளை ஒப்படைக்கும்படி வெர்மான்டின் தணிக்கை மன்றம் கேட்டபோது லயன் கொடுக்க மறுத்தார். அதற்காக 1785-ல் அவர்மேல் பதவிக் குற்றச்சாட்டு கொண்டுவந்தார்கள். அடித்தட்டு மக்களின் தோழர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர், பறிமுதலான சொத்துகளின் கணக்குப் புத்தகத்தை ஏன் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்? அவரைக் கொண்டாடுகிறவர்கள் இந்தக் கேள்வியைச் சட்டென்று தாண்டிவிடுகிறார்கள்.

மாவு மில் அவ்வளவு முக்கியமா? மில் வைத்திருப்பது சாதாரணத் தொழில்தானே?

இன்று தெருமுனையில் கிரைண்டர் சத்தம் கேட்கிற நமக்கு அப்படித் தோன்றும். காட்டை வெட்டி அப்போதுதான் குடியேறிய குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். சோளமும் கோதுமையும் ரையும் விளைந்துவிட்டது. அரைப்பது எப்படி? வெட்டிய மரத்தின் அடிக்கட்டையைக் குடைந்து உரலாக்கி இடிப்பார்கள். இல்லையென்றால் குதிரைமேல் மூட்டையை ஏற்றி, பாதையில்லாத காட்டில் பல மைல் தள்ளி இருக்கும் மில்லுக்குப் போய், முறை வரும்வரை காத்திருந்து, மறுநாள் திரும்புவார்கள். புது ஊருக்கு ஆள் சேர்ப்பவர்களுக்கு இது தெரியும். கோயிலுக்கும் பள்ளிக்கும் முன்னாலேயே மில் கட்டுபவரைத் தேடுவார்கள். மில் கட்ட ஒத்துக்கொண்டால் நிலமும் அருவி உரிமையும் தருவது நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்கு அமெரிக்காவில் வழக்கமாக இருந்தது.

மில்லின் உயிர் தண்ணீரின் உயர வித்தியாசம். ஆறு விழுகிற இடத்துக்கு மேலே அணை போட்டு, வாய்க்கால் வழியே திருப்பி, மரச்சக்கரத்தின்மேல் விடுவார்கள். சக்கரத்தின் அச்சு மரப்பற்களோடு கூடிய பெரிய வட்டத்தைச் சுழற்றும். அது நின்ற வாக்கில் இருக்கும் தண்டைத் திருப்பும். தண்டின் தலையில் மேல்கல். கீழ்கல் அசையாது. நம் ஊர்த் திரிகை மாதிரிதான், ஆனால் கல்லைத் தூக்கி இறக்கத் தனியாக மரச் சட்டம் வேண்டும், அவ்வளவு கனம். இரண்டு கல்லுக்கும் நடுவில் இடைவெளி கொஞ்சம் கூடினால் ரவை, குறைந்தால் சூடேறி மாவு கருகும். கல்லில் வெட்டிய பள்ளங்கள் தேயத் தேய, மேல்கல்லைப் புரட்டிப் போட்டு உளியால் கொத்த வேண்டும். பனிக்காலத்தில் வாய்க்கால் உறைந்துவிடும். கோடையில் ஆறு வற்றும். வசந்தத்தில் பனி உருகி வரும் வெள்ளம் அணையையே இழுத்துக்கொண்டு போகும். சும்மா உட்கார்ந்து காசு எண்ணுகிற தொழில் இல்லை இது.

அப்புறம் கூலி. கையில் ரொக்கம் இல்லாத நாடு. எனவே அரைத்த தானியத்திலேயே ஒரு பங்கை மில்காரர் எடுத்துக்கொள்வார். எவ்வளவு எடுக்கலாம் என்பதைச் சட்டமே சொல்லும். அளவை மரக்கால் சரியாக இருக்கிறதா என்ற சந்தேகம் ஊருக்கு எப்போதும் இருக்கும். இப்படிச் சேரும் தானியம் மில்காரரை வியாபாரியாகவும் ஆக்கியது. அந்த ஊரில் மூட்டை மூட்டையாகக் கையிருப்பு உள்ள ஆள் பெரும்பாலும் அவர் ஒருவர்தான். எல்லாக் குடும்பமும் மாதம் ஒரு தடவையாவது வந்து நிற்கிற இடம் மில். முறை வரும்வரை பேச்சு ஓடும். வரி பற்றி, நிலப் பத்திரம் பற்றி, யாருக்கு ஓட்டு என்பது பற்றி. தேர்தலில் நிற்க இதைவிட நல்ல திண்ணை கிடைக்குமா?

லயன் இதை நன்றாகப் புரிந்துகொண்டார். 1779-ல் வெர்மான்ட் அரசு ஃபேர் ஹேவன் ஊருக்குப் பட்டயம் கொடுத்தது. 1783-ல் அவர் அங்கே குடிபோய், காசில்டன் ஆற்றின் அருவியை ஒட்டி முதலில் மாவு மில்லும் மரம் அறுக்கும் மில்லும் கட்டினார். பிறகு அதே தண்ணீர்ச் சக்தியில் இரும்புப் பட்டறை. வீடு கட்டப் பலகை, பலகையில் அடிக்க ஆணி, வெட்டக் கோடாரி, தின்ன மாவு. குடியேறுகிறவனுக்குத் தேவையான எல்லாம் ஒரே அருவியில் ஒரே ஆளிடம். அந்த ஊர் அவரைத் திரும்பத் திரும்பச் சட்டசபைக்கு அனுப்பியதில் ஆச்சரியம் என்ன? 1783 முதல் 1796 வரை பெரும்பாலான ஆண்டுகள் ஃபேர் ஹேவனின் உறுப்பினர் அவர்தான்.

காகித ஆலை எதற்கு?

என் பார்வையில் அவர் வாழ்க்கை திரும்பிய இடம் இதுதான். அன்றைக்குக் காகிதம் செய்தது கிழிந்த துணியிலிருந்து. புது ஊர்களில் ஒருவரும் துணியைக் கந்தலாகும் முன் விடுவதில்லை, கந்தலானாலும் ஒட்டுப்போட்டுக் கட்டுவார்கள். மூலப்பொருளே கிடைக்காது. லயன் பாஸ்வுட் என்னும் மரத்தின் பட்டையைக் கூழாக்கிக் காகிதம் செய்து பார்த்தார். டப்ளினில் பாதியில் விட்ட அச்சுத் தொழில் உள்ளூர இருந்துகொண்டே இருந்திருக்கும் போல. 1793-ல் "ஃபார்மர்ஸ் லைப்ரரி" என்ற பத்திரிகையை ரட்லாந்தில் தொடங்கினார். பிறகு ஃபேர் ஹேவனிலும் அச்சகம் நடந்தது. மகன் ஜேம்ஸ் அதில் கூட இருந்தார்.

எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அச்சகம் சிலரிடம் இருந்தது. மரத்தை வெட்டிக் காகிதமாக்கி, அதில் தன் கருத்தைத் தானே அச்சிட்டு விற்கக்கூடிய அரசியல்வாதி அபூர்வம். அரசாங்கத்துக்கு அவர்மேல் ஏன் அவ்வளவு எரிச்சல் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊர்ப்படைக் கர்னல் என்றால் ராணுவ அதிகாரியா?

முழுநேர ராணுவம் இல்லை. மிலிஷியா என்பது உடல் வலுவுள்ள ஆண்கள் அனைவரும் சேரவேண்டிய ஊர்ப்படை. துப்பாக்கியைத் தானே கொண்டுவர வேண்டும். குறிப்பிட்ட நாட்களில் திடலில் பயிற்சி நடக்கும். அணிவகுப்புக்குச் சமமாக ரம்மும் ஓடும். கீழ்நிலை அதிகாரிகளைப் பெரும்பாலும் சிப்பாய்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். எனவே பட்டம் வீரத்துக்கு மட்டும் கிடைத்ததல்ல, செல்வாக்குக்கும்தான். லயன் கேப்டனிலிருந்து கர்னல் வரை போனார். ஜெரிக்கோ அவமானத்துக்குப் பிறகு அந்தப் பட்டம் அவருக்கு எவ்வளவு இனித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த கேள்விக்கு அந்த அவமானம் தேவைப்படும்.

காங்கிரஸில் துப்பியது ஏன்?

சில தேர்தல்களில் தோற்ற பிறகு 1797-ல் காங்கிரஸுக்கு வந்தார் லயன். அவை அப்போது பிலடெல்பியாவில். வந்ததுமே சம்பிரதாயத்தோடு மோதல். ஜனாதிபதி ஜான் ஆடம்ஸின் உரைக்குப் பதில் கொடுக்க உறுப்பினர்கள் எல்லோரும் ஊர்வலமாக அவர் வீட்டுக்குப் போவது வழக்கம். எனக்கு இந்த ஆடம்பரம் வேண்டாம், என்னை விட்டுவிடுங்கள் என்று அவையிலேயே விலக்கு கேட்டார். ஆடம்ஸின் கட்சியான ஃபெடரலிஸ்டுகள் சிரித்தார்கள்.

1798 ஜனவரி 30. ஓட்டு எண்ணிக்கைக்காக அவை தளர்ந்திருந்த நேரம். லயன் சபாநாயகர் பக்கத்தில் நின்று, கனெக்டிகட் உறுப்பினர்கள் தங்கள் மக்களின் கருத்துக்கு எதிராக நடக்கிறார்கள், நான் அங்கே போய் ஆறு மாதம் பத்திரிகை நடத்தினால் எல்லாரையும் திருப்பிவிடுவேன் என்று சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். கனெக்டிகட் உறுப்பினர் ரோஜர் கிரிஸ்வால்டுக்குப் பொறுக்கவில்லை. அங்கே சண்டைக்கு வரும்போது உங்கள் மரவாளையும் கட்டிக்கொண்டு வருவீர்களா என்றார். லயன் முதலில் கண்டுகொள்ளவில்லை. கிரிஸ்வால்ட் கிட்டே வந்து கையைத் தொட்டு மறுபடி சொன்னார். லயன் அவர் முகத்தில் துப்பினார்.

லயனை நீக்கத் தீர்மானம் வந்தது. ஆதரவு 52, எதிர்ப்பு 44. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், கிடைக்கவில்லை. பிப்ரவரி 15 அன்று கிரிஸ்வால்ட் ஹிக்கரிக் கட்டையில் செய்த கைத்தடியோடு வந்து, இருக்கையில் உட்கார்ந்திருந்த லயனைச் சரமாரியாக அடித்தார். லயன் தட்டுத் தடுமாறி எழுந்து கணப்பு அடுப்பில் இருந்த இரும்பு இடுக்கியை எடுத்தார். இருவரும் தரையில் உருண்டார்கள். கேலிச்சித்திரக்காரர்களுக்குக் கொண்டாட்டம். லயன் என்ற பெயரின் உச்சரிப்பு சிங்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லேதான்; எனவே "எச்சில் துப்பும் சிங்கம்" என்று பட்டம் சூட்டினார்கள்.

துப்பியதை நியாயப்படுத்த முடியாது. ஆனால் அன்றைய கனவான்களின் முறையில், சமமானவன் அவமதித்தால் துப்பாக்கிச் சண்டைக்கு அழைப்பார்கள். தாழ்ந்தவன் என்றால் தடியால் அடிப்பார்கள். கிரிஸ்வால்ட் தடியைத் தேர்ந்தெடுத்தார். அதுவும் ஒரு செய்திதான்.

எதற்காகச் சிறைக்குப் போனார்?

பிரான்ஸோடு போர் வரும் என்ற பீதியில், அரசையோ காங்கிரஸையோ ஜனாதிபதியையோ பொய்யாகவும் தீய நோக்கோடும் தூற்றி எழுதுவதைக் குற்றமாக்கும் அரசத்துரோகச் சட்டத்தில் ஆடம்ஸ் 1798 ஜூலை 14 அன்று கையெழுத்திட்டார். லயனின் பிறந்தநாளாகச் சொல்லப்படும் தேதியும் ஜூலை 14. உச்ச தண்டனை இரண்டு வருடச் சிறை, 2,000 டாலர் அபராதம். துணை ஜனாதிபதியைத் திட்டினால் மட்டும் குற்றமில்லை! அப்போது துணை ஜனாதிபதி எதிர்க்கட்சித் தலைவரான ஜெஃபர்சன்.

சட்டம் வருவதற்கு முன்பே, ஜூன் 20 அன்று, லயன் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதியிருந்தார். பொதுநலன் முழுவதும் ஆடம்ஸின் ஆட்சியில் அதிகார வேட்டையிலும், அபத்தமான ஆடம்பரத்திலும், முட்டாள்தனமான முகஸ்துதியிலும், சுயநலப் பேராசையிலும் விழுங்கப்பட்டுவிட்டது என்பது அதன் சாரம். அது அச்சானது ஜூலை 31, சட்டம் வந்த பிறகு. கவிஞர் ஜோயல் பார்லோ பிரான்ஸிலிருந்து எழுதிய கடிதம் ஒன்றைக் கூட்டங்களில் படித்துக்காட்டி அச்சிட்டதும் குற்றச்சாட்டில் சேர்ந்தது. ஜனாதிபதியைப் பைத்தியக்கார விடுதிக்கு அனுப்ப வேண்டியதுதானே என்று அதில் ஒரு வரி உண்டு.

அக்டோபரில் ரட்லாந்தில் விசாரணை. நீதிபதி வில்லியம் பேட்டர்சன், உச்சநீதிமன்றத்தைச் சேர்ந்தவர், அரசியல் சாசனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். அவரும் அயர்லாந்தில் பிறந்தவர்தான் என்பது வேடிக்கை. லயன் பெரும்பாலும் தானே வாதாடினார். சட்டமே அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றார். பிறகு நீதிபதியையே கேட்டார்: நீங்கள் ஜனாதிபதி வீட்டில் சாப்பிட்டிருக்கிறீர்களே, அங்கே ஆடம்பரத்தைப் பார்க்கவில்லையா? எளிமையைத்தான் பார்த்தேன் என்றார் பேட்டர்சன். ஜூரி ஒரு மணி நேரத்தில் குற்றவாளி என்றது. நான்கு மாதச் சிறை, 1,000 டாலர் அபராதம், செலவு 60 டாலர் 96 சென்ட். அந்தச் சட்டத்தில் தண்டனை பெற்ற முதல் ஆள் அவர்தான்.

சிறை எப்படி இருந்தது?

சொந்த மாவட்டமான ரட்லாந்தில் அடைத்தால் ஊரே திரளும் என்று வடக்கே வெர்ஜென்ஸுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து அவர் எழுதிய கடிதத்தில் அறையின் அளவைச் சொல்கிறார்: பதினாறு அடிக்குப் பன்னிரண்டு. மூலையில் கழிப்பிடம், நாற்றம் ஆகஸ்ட் மாதத்துப் பிலடெல்பியா துறைமுகத்துக்குச் சமம் என்று எழுதினார். கம்பி போட்ட ஜன்னல், கண்ணாடி கிடையாது. வெர்மான்டின் அக்டோபர் குளிர் எப்படி என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆதரவாளர்கள் சிறையை உடைக்கக் கிளம்பியபோது லயன்தான் வேண்டாம் என்றார். ஓட்டால் உடையுங்கள் என்பது அவர் கணக்கு.

மகன் ஜேம்ஸ் அந்த மாதமே "ஸ்கர்ஜ் ஆஃப் அரிஸ்டாக்ரசி" என்ற இதழைத் தொடங்கினார். பெயரிலேயே பிரபுத்துவத்துக்குச் சாட்டை. அப்பா சிறையிலிருந்து எழுதுவார், வெளியே அச்சாகும். செப்டம்பரில் நடந்த தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காததால் டிசம்பரில் மறு தேர்தல் நடந்தது. லயனுக்கு 4,500-க்கு மேல் ஓட்டு. அடுத்து வந்தவருக்கு 2,500 கூட இல்லை.

அபராதத்தை யார் கட்டினார்கள்?

நண்பர்கள் லாட்டரி நடத்திப் பணம் திரட்ட முயன்றார்கள். அந்த லாட்டரி விளம்பரத்தை அச்சிட்டதற்காக பென்னிங்டன் அச்சக உரிமையாளர் ஆந்தனி ஹாஸ்வெல்லும் உள்ளே போனார்: இரண்டு மாதச் சிறை, 200 டாலர். கடைசியில் வர்ஜீனிய செனட்டர் ஸ்டீவன்ஸ் தாம்சன் மேசன் தங்க நாணயங்களாக ஆயிரம் டாலரோடு குதிரையேறி வந்தார். 1799 பிப்ரவரி 9 அன்று லயன் வெளியே வந்தார். மறுபடி வேறு வழக்கில் பிடித்துவிடுவார்களோ என்ற சந்தேகத்தில், வாசலிலேயே "நான் பிலடெல்பியாவுக்குப் போகிறேன்" என்று அறிவித்தார். காங்கிரஸுக்குப் போகும் வழியில் உறுப்பினரைக் கைது செய்யக்கூடாது என்பது சட்டம். போய்ச் சேர்ந்ததும் மறுபடி நீக்கத் தீர்மானம்: 49-க்கு 45. இந்த முறையும் மூன்றில் இரண்டு பங்கு இல்லை.

ஜெஃபர்சனை ஜனாதிபதி ஆக்கியது லயனின் ஓட்டுதானா?

பாதி உண்மை. 1800 தேர்தலில் ஜெஃபர்சனும் அதே கட்சியின் ஆரன் பர்ரும் சமமாக நிற்க, முடிவு பிரதிநிதிகள் அவைக்கு வந்தது. மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. வெர்மான்டுக்கு இரண்டே உறுப்பினர்கள்: லயன் ஜெஃபர்சன் பக்கம், லூயிஸ் மாரிஸ் பர் பக்கம். ஆகவே முப்பத்தைந்து சுற்றிலும் வெர்மான்ட் ஓட்டு யாருக்கும் இல்லை. 1801 பிப்ரவரி 17, முப்பத்தாறாவது சுற்றில் மாரிஸ் வரவில்லை. லயன் தனியாக வெர்மான்டை ஜெஃபர்சனுக்குக் கொடுத்தார். அதே சுற்றில் மேரிலாந்தும் திரும்பியது. முட்டுக்கட்டையை அவிழ்த்தது பர்ரைக் கைவிட்ட டெலவேர் உறுப்பினர் பேயர்டும், வராமல் இருந்த மாரிஸும்தான். லயன் முதல் சுற்றிலிருந்தே அசையாமல் இருந்தார், அவ்வளவே. ஆனாலும் ஆடம்ஸின் பதவிக்காலம் முடிந்த மார்ச் 4 அன்று அவருக்கு ஒரு நீண்ட வசைக் கடிதம் எழுதி வழியனுப்பத் தவறவில்லை.

அப்புறம் என்ன ஆனார்?

எல்லாரும் அவர் வெர்மான்டிலேயே வெற்றிவிழா கொண்டாடியிருப்பார் என்று நினைப்பார்கள். அவரோ 1801-ல் மூட்டை கட்டிக் கென்டக்கிக்குப் போய்விட்டார். கம்பர்லண்ட் நதிக்கரையில் எடிவில்லில் மறுபடி புதிதாகத் தொடக்கம்: கப்பல் கட்டும் தளம், வியாபாரம், அரசியல். 1802-ல் கென்டக்கி சட்டசபை, 1803 முதல் 1811 வரை மறுபடி காங்கிரஸ். பிரிட்டனோடு நடந்த 1812 போருக்காகப் பீரங்கிப் படகுகள் கட்டும் ஒப்பந்தம் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டார், திவால். எழுபது வயதில் இருந்த அவரை ஜனாதிபதி மன்றோ, ஆர்கன்சாவில் செரோக்கி மக்களோடு வியாபாரம் செய்யும் அரசு முகவராக நியமித்தார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை, காங்கிரஸுக்குப் பிரதிநிதியாக நின்று தோற்று, முடிவை எதிர்த்து முறையிட்டார். 1822 ஆகஸ்ட் 1 அன்று ஸ்பாட்ராவில் இறந்தார். 1833-ல் உடலை எடிவில்லுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

கட்டிய அபராதம் திரும்பக் கிடைத்ததா?

கிடைத்தது, அவருக்கு அல்ல. அவர் உயிரோடு இருந்தபோது கேட்டுக்கேட்டு அலுத்துப்போனார். 1840 ஜூலை 4 அன்று காங்கிரஸ் சட்டம் போட்டு 1,060 டாலர் 96 சென்டை 1799 பிப்ரவரியிலிருந்து வட்டியோடு வாரிசுகளுக்குக் கொடுத்தது. அரசத்துரோகச் சட்டம் 1801 மார்ச்சிலேயே காலாவதியாகிவிட்டதால் உச்சநீதிமன்றம் அன்றைக்கு அதைப் பரிசீலிக்கவே இல்லை. 1964-ல் பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய ஒரு தீர்ப்பில், அபராதத்தைக் காங்கிரஸே திருப்பிக் கொடுத்ததைச் சுட்டிக்காட்டி, அந்தச் சட்டம் செல்லாது என்பதை வரலாறு தீர்த்துவிட்டது என்ற பொருளில் எழுதினார்கள்.

கென்டக்கியில் லயன் கவுண்டி என்று ஒரு மாவட்டம் இருக்கிறதே, இவர் பெயரா?

எடிவில் அந்த மாவட்டத்தின் தலைநகர் என்பதால் பலரும் அப்படி நினைக்கிறார்கள். இல்லை, அவர் மகன் சிட்டென்டன் லயனின் பெயர் அது. அவரும் கென்டக்கியிலிருந்து காங்கிரஸுக்குப் போனவர். முதற்பெயர் தாத்தாவான ஆளுநருடையது.